எப்ராயிமின் இரண்டு வாளிகள்

பன்றிக்குட்டிக்குக் கழிச்சல் கண்டால், கதவைத் திறக்கும்போதே லியோனா ஃப்ரேவுக்குத் தெரிந்துவிடும். கொட்டகைக்குள் ஒரு காலை வைப்பாள், மூக்கை ஒருமுறை உறிஞ்சுவாள், "ஏழாவது கூண்டு" என்பாள். போய்ப் பார்த்தால் ஏழாவது கூண்டில் மூன்று குட்டிகள் வால் நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கும். முப்பத்தெட்டு வருஷமாக இதே கதைதான். கால்நடை டாக்டர் வந்தால்கூட பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அவளைத்தான் கேட்பார்.

அவளிடம் ஒரு வைத்தியமும் இருந்தது. கழிச்சல் கண்ட குட்டியின் கழிவில் கொஞ்சம் எடுத்துச் சினைப்பன்றிகளின் தீவனத்தில் கலந்துவிடுவாள். தாய்க்கு அது பழகிப்போகும், அடுத்த ஈற்றில் பாலோடு அந்தத் தெம்பு குட்டிக்கும் போகும். ஒன்டாரியோவில் அந்தப் பக்கத்துப் பன்றிக்காரர்கள் எல்லாரும் செய்கிறதுதான். சாப்பாட்டு மேசையில் மட்டும் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். லியோனா பேசுவாள். அவளுக்கு அது வெட்கப்படுகிற விஷயமாகத் தோன்றியதே இல்லை.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான், அவள் மூக்குக்குத் தெரியாமல், அவள் புருஷன் மேலனுக்கே கழிச்சல் வந்தது.

நவம்பரில் மேலனுக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது. பல் டாக்டர் பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். பல் சரியாயிற்று, வயிறு போயிற்று. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, இருபது தடவை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் குடலில் 'சி-டிஃப்' என்கிற கிருமி என்றார்கள். முழுப்பெயர் அதைவிடக் கொடுமை, கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில். அதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள், நின்றது. மருந்து முடிந்த பத்தாம் நாள் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி நின்றது, மறுபடி வந்தது. வாசலை நிறைத்துக்கொண்டு நிற்கிற பருத்த ஆள் மேலன். மார்ச் மாதம் பெல்ட்டில் ஆணியால் மூன்றாவது ஓட்டை போட்டான். நாலாவதுக்கு ஆணியை எடுத்தபோது லியோனா அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு ஓட்டை கெடையாது" என்றாள். "நீ குண்டாகுற வழியப் பாரு."

எங்கிருந்து வந்தது இந்தச் சனியன் என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. மேலனின் தம்பி எப்ராயிம் பக்கத்துப் பண்ணைக்காரன். உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவன், தேவாலயச் சபையில் டீக்கன் என்கிற ஊழியக்காரன், பிறந்ததிலிருந்து ஒரு மாத்திரை விழுங்கியதில்லை என்று பெருமை பேசுகிறவன். அவன் மனைவி வெர்டா போனில் கூப்பிட்டாள்.

"லியோனா, தப்பா எடுத்துக்காதே. பன்னிலேருந்துதான் வந்திருக்கும்னு எப்ராயிம் சொல்றார்."

"அவனோட கெழங்குல ஒட்டிக்கிட்டு வர்ற மண்ணுலேருந்துதான் வந்துச்சுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

"இரு, சொல்றேன்." போனைக் கையால் மூடுகிற சத்தம். பிறகு, "உன் பன்னிக் கொட்டகைல போயி மூஞ்சியக் கழுவுன்னு சொல்றார்."

"நல்லது. சாசேஜ் வேணுமா உனக்கு?"

"ரெண்டு பவுண்டு வை. வாசப்படில வெச்சிடு. அவர் பாக்காத நேரமா."

அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேசிப் பத்தொன்பது வருஷம். எப்ராயிமின் மகள் கல்யாணம் வீட்டுத் தோட்டத்தில் கூடாரம் போட்டு நடந்தது. நூற்று நாற்பது பேர், வெள்ளை மேசைவிரிப்பு. அன்றைக்குக் காலையில் மேலன் தன் வயலுக்குப் பன்றி எரு அடித்துக்கொண்டிருந்தான். காற்று மேற்கே போய்க்கொண்டிருந்தது. பெண் கூடாரத்துக்குள் நுழைகிற நேரம் பார்த்துக் கிழக்கே திரும்பியது.

"ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாடா?" என்று கேட்டான் எப்ராயிம்.

"மறுநா மழைன்னு ரேடியோல சொன்னான்" என்றான் மேலன்.

அவ்வளவுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. மறுநாள் மழையும் வரவில்லை.

ஆனால் எப்ராயிம் வீட்டு உருளைக்கிழங்கு ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வெர்டா கையால் லியோனாவின் படிக்கு வரும். லியோனாவின் பன்றிக்கறி சாசேஜ் வெர்டாவின் படிக்குப் போகும். இரண்டு ஆண்களும் எதிரியின் பண்டத்தைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, எங்கே வாங்கினது என்று கேட்காமல் எழுந்துபோவார்கள்.

இதற்கு நடுவில், ஜனவரியிலேயே பல்கலைக்கழகத்திலிருந்து நடாலி என்று ஒரு பெண் வந்தாள். மிருக வைத்தியம் படித்தவள். இந்தக் கிருமி மிருகங்களிடத்திலும் சாப்பாட்டிலும் எங்கெங்கே குடியிருக்கிறது என்று தேடுவதுதான் அவள் வேலை. கையுறை, பஞ்சுக்குச்சி, நூறு சின்னக் குப்பி. குட்டிகளின் பின்பக்கம் தொட்டாள், தாய்ப்பன்றியைத் தொட்டாள், டஃபி என்கிற நாயைத் தொட்டாள், நாய் அவமானம் தாங்காமல் அடுப்புக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. உறைபெட்டியிலிருந்து சாசேஜ் எடுத்தாள். நிலவறையிலிருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் மண்ணோடு எடுத்தாள். கடைசியில் ஒரு குப்பியை லியோனாவிடம் நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"உங்களோடதும் வேணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லியே. எனக்குத் தெரியாதா என்ன?"

"இருந்தாலும்..."

லியோனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பன்றிக்கு ஒரு நியாயம் தனக்கு ஒரு நியாயம் என்று சொல்லுகிறவள் அல்ல அவள்.

ஆறு வாரம் கழித்து நடாலி பேப்பரோடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். மேலன் சோபாவில் போர்வைக்குள் கிடந்தான்.

"குட்டிகள்ல இருக்கு" என்றாள் நடாலி.

"அப்படியா" என்றாள் லியோனா, முகம் சுருங்கி.

"நாய்கிட்ட இருக்கு. சாசேஜ்ல ஒரு பாக்கெட்ல இருக்கு. உருளைக்கிழங்கு மண்ணுல இருக்கு."

"ஆங்!" லியோனா மேசையைத் தட்டினாள். "எப்ராயிம் கெழங்கு! எழுதிக் குடு, அதை மட்டும் தனியா எழுதிக் குடு."

"கேரட்லயும் இருக்கு. அப்புறம்..." நடாலி பேப்பரைத் திருப்பினாள். "உங்ககிட்டயும் இருக்கு."

சோபாவிலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு மேலனின் முதல் சிரிப்பு.

"கொட்டகைல மோந்து பாக்கற மாதிரி உன்னையே நீ மோந்து பாத்திருக்கணும்" என்றான்.

"நீ வாய மூடிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு லியோனா நடாலியிடம் திரும்பினாள். "எனக்கு ஒரு நோவும் இல்லியே?"

"பலர்கிட்ட அப்படித்தான். சும்மா குடியிருக்கும், ஒண்ணும் பண்ணாது. நல்ல கிருமிகள் நெறைய இருக்குற வரைக்கும் இதுக்கு எடம் கெடைக்காது. அவர் சாப்பிட்ட பல்லு மருந்து நல்லதுகளையும் சேத்துக் கொன்னுடுச்சு. வீடு காலியாச்சு, இது உக்காந்துடுச்சு. விதை மாதிரி ஒரு கூட்டுக்குள்ள இருக்கும், மண்ணுல வருஷக்கணக்கா கெடக்கும், சமையல் சூட்டுலகூட எல்லாம் சாகாது."

"அதெல்லாம் சரி. மொதல்ல யாருகிட்டேருந்து வந்துச்சு?"

"அதைச் சொல்ல முடியாதும்மா. உங்க பன்னி எரு எங்க போகுது?"

எருலாரிக்காரன் வாங்கிக்கொண்டு போவான். எங்கே அடிக்கிறான் என்று ஊருக்கே தெரியும், எப்ராயிம் வயலில். எப்ராயிமுக்கும் தெரியும். தெரியாததுபோல வேறுபக்கம் திரும்பி நிற்பான்.

"அந்த வயல்ல வெளையுற கெழங்கு?"

"என் வீட்டுக்கு வரும்."

"தோலு?"

"பன்னிக்கு" என்றாள் லியோனா மெதுவாக.

நடாலி விரலால் மேசையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். லியோனா எழுந்து ஈரத்துணியால் அந்த வட்டத்தைத் துடைத்தாள், அங்கே ஏதோ வரைந்திருந்ததைப் போல. "எங்கயோ ஒரு எடத்துல ஆரம்பிச்சிருக்கணும்" என்றாள். "கெழங்குன்னுதான் நான் சொல்லுவேன்."

ஏப்ரலில் நாலாவது தடவை வந்தபோது மேலனால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் லியோனாவைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று சொன்னார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு வழி இருக்கு. கேக்கறதுக்குக் கொஞ்சம்... சங்கடமா இருக்கும். ஆரோக்கியமான ஒருத்தரோட... அதாவது... கழிவ எடுத்து, கரைச்சு வடிகட்டி, இவரோட குடல்ல..."

"அவ்வளவுதானா?" என்றாள் லியோனா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என் சினைப்பன்னிங்களுக்கு நான் முப்பத்தெட்டு வருஷமா குடுக்கறேன்" என்றாள். "யாரும் என்னை டாக்டர்னு கூப்பிடல. எப்போ வேணும்? நான் தரேன்."

"நீங்க தர முடியாது. உங்ககிட்டதான் அந்தக் கிருமி இருக்கே. பன்னியோட பொழங்காதவரா, சமீபத்துல ஆன்டிபயாடிக் தொடாதவரா இருக்கணும். சொந்தக்காரரா இருந்தா நல்லது."

பன்றியோடு புழங்காத ஆள் அந்த ஊரில் இரண்டு பேர். ஒருவர் பாஸ்டர், அவருக்கு மாதா மாதம் சளிக்கு மருந்து. இன்னொருவன் எப்ராயிம்.

லியோனா அன்றைக்கே எப்ராயிம் வீட்டுக் கொட்டகைக்குப் போனாள். அவன் விதைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள், ஒளிவுமறைவில்லாமல், பன்றி உதாரணத்தோடு. எப்ராயிமின் கத்தி பாதிக் கிழங்கில் நின்றுவிட்டது.

"என்னோடதா?"

"உன்னோடதுதான்."

"அவனுக்குள்ளயா?"

"வேற எங்க வைப்பாங்க?"

எப்ராயிம் அந்தக் கிழங்கை வெட்டி முடித்தான். "கல்யாணத்தன்னிக்கு அவன் எனக்குக் குடுத்தான். இப்போ நான் அவனுக்குக் குடுக்கணும்" என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று லியோனாவுக்குத் தெரியவில்லை. "ஒரு நிபந்தனை. யாருக்கும் தெரியக்கூடாது. வெர்டாவுக்குக்கூட. டீக்கன் நான்."

"சத்தியமா சொல்லமாட்டேன். மேலனுக்கு மட்டும் தெரியும்."

"அவன்தான் எங்கிட்ட பேசமாட்டானே. அவனுக்குத் தெரிஞ்சா பரவால்ல."

சோதனைகள் எல்லாம் செய்தார்கள். அவன் குடல், மனசு போல இல்லாமல், சுத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரி குறித்த நாள் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. எடுத்து ஆறு மணி நேரத்துக்குள், பனிக்கட்டியில் வைத்து, மதியம் ஒரு மணிக்குள் கொண்டுவரவேண்டும். மூடியுள்ள பாத்திரம் ஒன்றும் கொடுத்தார்கள்.

அந்த வியாழக்கிழமை, இயேசு பரலோகம் ஏறிய பரமேறுதல் திருநாள் என்று ஆஸ்பத்திரிக்கு எப்படித் தெரியும்? நகரத்துக்காரர்களுக்கு அது சாதாரண வேலைநாள். சபையில் அன்றைக்குக் காலை ஆராதனை, மதியம் எல்லாரும் கொண்டுவந்து போடும் பொதுச்சாப்பாடு. டீக்கன் வராமல் இருக்கமுடியாது. "சபைக்குக் கொண்டாரேன், கீழ்த்தளத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிடறேன். ஆராதனை முடிஞ்சதும் எடுத்துக்கிட்டுப் போ" என்று போனில் கிசுகிசுத்தான் எப்ராயிம். "வாளி மேல எம் பேர் ஒட்டியிருக்கும்."

இங்கேதான் அவன் ஒரு காரியம் செய்தான். அந்தப் பக்கத்தில் யாரும் நல்ல பாத்திரத்தை ஒருதடவை உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போடமாட்டார்கள். ஆஸ்பத்திரிப் பாத்திரம் கெட்டியாக, திருகுமூடியோடு, ஆணி போட்டு வைக்க வாகாக இருந்தது. அதை எடுத்துக் கொட்டகைத் தட்டில் வைத்துக்கொண்டான். கொடுக்கவேண்டியதைப் புது ரொட்டிப்பையில் கட்டி, பனிக்கட்டி நிரப்பி, நாலு லிட்டர் ஐஸ்கிரீம் வாளியில் போட்டான். அந்தச் சபையில் எல்லாருடைய பண்டமும் நாலு லிட்டர் ஐஸ்கிரீம் வாளியில்தான் வரும். பீன்ஸ் சாலட், பீட்ரூட் ஊறுகாய், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், எல்லாமே. வாளி கலந்துவிடக் கூடாதென்று மூடியில் காகித டேப் ஒட்டிக் குடும்பத்தலைவர் பெயரை எழுதுவார்கள். எப்ராயிமும் பழக்கதோஷத்தில் எழுதினான்.

அதே காலையில் வெர்டாவும் சாக்லேட் புட்டிங் செய்து ஒரு வாளியில் ஊற்றி 'எப்ராயிம் ஃப்ரே' என்று எழுதியிருந்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் லியோனா கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். மணி பதினொன்றரை. ஃப்ரிட்ஜைத் திறந்தாள். வாளிகளுக்கு நடுவில் எப்ராயிம் பெயர். நிம்மதியோடு எடுத்தாள். வாளிக்குள் எதுவோ சளக்கென்று ஆடியது. பனிக்கட்டி அப்படி ஆடாதே என்று தோன்றியது. மூலைக்குப் போய் மூடியின் ஓரத்தைத் தூக்கினாள்.

சாக்லேட் வாசனை.

ஃப்ரிட்ஜில் திரும்பத் தேடினாள். எப்ராயிம் பெயரில் வேறு வாளி இல்லை.

"யாரு வாளிய மோந்து பாக்கறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். லவீனா. முப்பது வருஷமாக அந்தச் சமையலறை அவள் ராஜ்யம்.

"லவீனா, எப்ராயிம் வாளி இன்னொண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சு, மேசைல வெச்சாச்சு. ஏன், ஒண்ணு போதாதா உனக்கு?"

லியோனா புட்டிங்கை அவள் கையில் திணித்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பேர் கைகட்டி, தலைகுனிந்து, கண்மூடி நின்றார்கள். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்திருந்தார். நீளமான ஜெபத்துக்குப் பேர்போனவர். தூரத்து மேசையில், லவீனா சுட்ட 'ருபார்ப் பை' என்கிற இனிப்புப் பலகாரத்துக்கும் ஓர் ஆப்பிள் பலகாரத்துக்கும் நடுவில், கரண்டி குறுக்கே வைத்து, எப்ராயிமின் வாளி.

"இந்த உணவுக்காகவும், இதை ஆயத்தம் செய்த கரங்களுக்காகவும்..." என்றார் பாஸ்டர்.

லியோனா நடந்தாள். வாழ்நாளில் அவள் ஜெபத்தில் கண் திறந்ததில்லை. இப்போது காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, மூடிய கண்களுக்கு நடுவே, சுவரோரமாக நடந்தாள். கூடம் முழுக்க இன்னொரு ஜோடி கண்தான் திறந்திருந்தது, எப்ராயிமுடையது. அவன் முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. வாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி வாளியைப் பார்த்தான். ஜெபம் முடிவதற்குள், ஆண்டவரே, முடிவதற்குள் என்று அவன் உதடு துடித்தது. அந்தச் சபையில் அன்றைக்கு மனதார ஜெபித்தவன் அவன் ஒருவன்தான்.

லியோனா கரண்டியை எடுத்துக் கீழே வைத்தாள். வாளியைத் தூக்கினாள். உள்ளே பனிக்கட்டி கடகடவென்று உருண்டது.

"ஆமென்" என்றார் பாஸ்டர்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். வெறுங்காலோடு, கையில் காலணியும் கக்கத்தில் வாளியுமாக லியோனா வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"லியோனா ஃப்ரே!" லவீனாவின் குரல் கூடத்தைக் கிழித்தது. "அந்த வாளியக் கீழ வை!"

"எனக்கு இது வேணும்."

"எல்லாருக்குந்தான் வேணும்! பரமேறுன நாள்ல பொது மேசைலேருந்து திருடறியா?"

எப்ராயிம் வேறுபக்கம் திரும்பி நின்றான். லியோனா அவனைப் பார்த்தாள். சத்தியம் சத்தியம்தான். "ஆமா, திருடறேன்" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். பையின் மேல் ஒரு சீட்டு குத்தியிருந்தது: 'வியாழன், காலை ஏழு பத்து. பாத்திரம் நல்லா இருந்துச்சு, வெச்சுக்கிட்டேன். எப்ராயிம்.' டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது. பனிக்கட்டியைத் தொட்டுப் பார்த்தார், கரையவில்லை. பெருமூச்சு விட்டுக் கையுறையை மாட்டினார்.

மூன்றாம் நாள் மேலன் பசிக்கிறது என்றான். பத்தாம் நாள் மருந்தில்லாமல் நடந்தான். இரண்டு மாதம் ஆயிற்று, திரும்ப வரவில்லை. ஜூலையில் பெல்ட்டை ஓர் ஓட்டை தளர்த்திப் போட்டான். லியோனா பிடுங்கி வைத்திருந்த ஆணியைக் கொட்டகையில் பழைய இடத்தில் அடித்தாள்.

ஆனால் சபையில் அவள் பெயர் புட்டிங் திருடி என்று நிலைத்துவிட்டது. பொதுச்சாப்பாட்டில் அவள் மேசையருகே வந்தால் வாளிகளை நகர்த்தி வைப்பார்கள். ஒரு கிழவர் அவள் தட்டில் இரண்டு கரண்டி புட்டிங் அதிகமாகப் போட்டு, "கேட்டா குடுக்கமாட்டமா, கண்ணு?" என்றார். வெர்டாவே போனில் அழுதாள். "அவ்ளோ ஆசையா இருந்தா வீட்டுக்கு வந்திருக்கக்கூடாதா லியோனா? வாளி வாளியா ஊத்தித் தந்திருப்பனே." ஆனால் தன் வீட்டுப் பெயரில் இரண்டாவது வாளி எப்படி வந்தது என்று அவள் கேட்கவேயில்லை. லியோனா தினமும் பன்றிகளிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

அக்டோபரில், அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முந்தின வாரம் ஆலோசனைக் கூட்டம். யாரோடும் மனஸ்தாபம் இல்லை என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்லவேண்டும். சொல்லாமல் திருவிருந்தில் சேரமுடியாது. லவீனா எழுந்தாள்.

"எனக்கு ஒருத்தர் மேல மனஸ்தாபம் இருக்கு. திருடினத அவங்களே ஒத்துக்கிட்டாங்க, மன்னிப்பு மட்டும் கேக்கல."

எல்லாரும் லியோனாவைப் பார்த்தார்கள். அவள் முன்பெஞ்சின் முதுகில் இருந்த ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலன் எழப்போனான். அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

எதிர்ப்பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. எப்ராயிம் எழுந்திருந்தான்.

"அது புட்டிங் இல்ல" என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஏழு பத்து, ரொட்டிப்பை, கொட்டகையில் ஆணி நிரம்பியிருக்கும் ஆஸ்பத்திரிப் பாத்திரம், ஒன்றுவிடாமல். டீக்கன் வேலையிலிருந்து விலகச் சொன்னால் விலகுகிறேன் என்றும் சொன்னான்.

"என் ருபார்ப் பைக்குப் பக்கத்துலயா?" என்றாள் லவீனா, மெல்லிய குரலில்.

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அப்புறம் அடக்கமுடியவில்லை, பாஸ்டர் பிரசங்க மேசையைப் பிடித்துக்கொண்டார். லவீனா மட்டும் சிரிக்காமல் நடந்து வந்து லியோனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ கையக் கழுவினியா?" என்றாள். "மூணு தடவ, சோப்புப் போட்டு" என்றாள் லியோனா. "அப்ப சரி" என்றாள் லவீனா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தோடு, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஒருவர் காலை ஒருவர் கழுவுகிற சடங்கு. பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் காலைத்தான் கழுவவேண்டும். அண்ணன் தம்பி பத்தொன்பது வருஷமாகத் தலைகளை எண்ணிப்பார்த்து, ஜோடி சேராத இடமாக உட்காருவார்கள். அன்றைக்கு எப்ராயிம் எண்ணவில்லை. நேராக வந்து மேலன் பக்கத்தில் உட்கார்ந்தான். பெண்கள் பக்கத்தில், வெர்டாவின் ஒரு காலைக் கையில் பிடித்தபடி, லியோனா எட்டிப் பார்த்தாள்.

மேலன் காலுறையைக் கழற்றத் தயங்கினான். "நாத்தம் அடிக்கும்டா" என்றான்.

"உள்ள இருக்கறதே என்னோடதுதான்" என்றான் எப்ராயிம், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. "காலு என்ன பிரமாதம். நீட்டு."

மேலன் நீட்டினான்.

"அந்தக் கல்யாணத்தன்னிக்கு..." என்று ஆரம்பித்தான் மேலன்.

"மழை வரல" என்றான் எப்ராயிம்.

"வரல" என்றான் மேலன்.

லியோனா தன் வேலைக்குத் திரும்பினாள். "வெர்டா, இந்த வருஷம் கெழங்கக் கழுவிட்டு வை" என்றாள் காதோடு காதாக. "மண்ணோட வேணாம். அங்கேருந்துதான் வந்துச்சு, யாரு என்ன சொன்னாலும்."

"நீ சாசேஜ நல்லா வேகவெச்சுக் குடு" என்றாள் வெர்டா. "இப்ப மத்த காலக் கழுவு."